அவுட் ஆக அனுமதி இல்லை

கிரிக்கெட்டில் ஒரு பையனைப் பாழாக்க எத்தனையோ வழிகள் உண்டு. முழங்காலில் அடிபடலாம், சேர்க்கை சரியில்லாமல் போகலாம், காதலில் விழுந்து பயிற்சியை மறக்கலாம். இந்தக் கதையில் வருகிறவனுக்கு அப்படி கௌரவமான காரணம் எதுவும் வாய்க்கவில்லை. அவனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் வாய்த்தது.

அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பஸ் டிப்போ குடியிருப்பில் அக்கா வீட்டில் தங்கி, பக்கத்து மைதானத்தில் ஆடிப் பழகியவன். மாவட்ட அணிக்காக அவன் இறங்கிய முதல் ஆட்டத்தில் நூற்று நாற்பத்து மூன்று ரன் எடுத்து நின்றுகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. ஆட்டம் அத்தோடு கலைந்தது. தேர்வாளர்கள் மூன்று பேரும் மழைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் தேங்கிய மைதானத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பையன் பிரமாதமா ஆடியிருக்கான்" என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

வாரியத்தில் புள்ளிவிவர அதிகாரி என்று ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, அதையே மேசை முழுக்கத் தேடுகிற ஆசாமி. பையனின் சராசரியைக் கணக்கிடும் பொறுப்பு அவரிடம் வந்தது. சராசரி என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எடுத்த ரன்னை, எத்தனை தடவை அவுட் ஆனான் என்ற எண்ணால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் எடுத்தது நூற்று நாற்பத்து மூன்று. அவுட் ஆனது பூஜ்யம். கம்ப்யூட்டர் சற்று யோசித்துப் பார்த்துவிட்டு, என்னால் ஆகாது என்று கையை விரித்தது. நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களாக இருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அதிகாரி படித்தவர். பூஜ்யத்தால் வகுத்தால் முடிவிலி என்று எங்கோ பார்த்த ஞாபகம் வந்துவிட்டது. செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் தலைவர் அறைக்கு ஓடினார்.

"சார், உலகத்துலயே யாருக்கும் இல்லாத சராசரி சார்!"

"எவ்வளவு?"

"அளவே கிடையாது சார். முடிவிலி."

வாரியத் தலைவர் அதற்கு முன் நீச்சல் சங்கத்துக்கும் குதிரையேற்றச் சங்கத்துக்கும் தலைவராக இருந்தவர். தண்ணீரையும் குதிரையையும் தூரத்திலிருந்தே நிர்வகித்துப் பழக்கப்பட்ட மனிதர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு மேல வேற நாட்டுக்காரன் எவனாவது போக முடியுமா?"

"முடியாது சார்."

"கீழ வருமா?"

"அவுட் ஆனா வந்துடும் சார். ஒரே ஒரு தடவை அவுட் ஆனாலும் நூத்தி நாப்பத்தி மூணுதான்."

தலைவர் டீயை மேசையில் வைத்தார். "முடிவிலியில இருந்து நூத்தி நாப்பத்தி மூணா? உலகத்துல எந்த சாம்ராஜ்யமும் இப்படி விழுந்தது இல்லையேய்யா! அவன் அவுட் ஆகவே கூடாது. அதுக்கு என்ன வழி?"

மூலையில் நின்ற செயலாளர் தொண்டையைச் செருமினார். "ஆடாம இருந்தா ஆக மாட்டான் சார்."

அந்த அறையில் கிரிக்கெட் தெரிந்த ஒரே ஆள் செயலாளர்தான் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அடுத்த வாரமே அவனுக்குப் பாராட்டு விழா. தங்க நிறப் பொத்தான் வைத்த கோட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ், 'வருங்காலம்' என்ற பதவி. அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரை அன்றிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. வாரியத்தில் காவலாளி முதல் தலைவர் வரை வருங்காலம், வருங்காலம் என்றே கூப்பிட்டார்கள். விழாவில் தலைவர் பேசினார்:

"மத்த நாடெல்லாம் ஆடறவங்களை வச்சிருக்கு. நாம ஆடப்போறவனை வச்சிருக்கோம்! ஆடறவன் இன்னைக்கு இருப்பான், நாளைக்கு அவுட் ஆவான். ஆடப்போறவன்? அவன் என்னைக்கும் இருப்பான்! இந்த வாரியம் இதுவரை எத்தனையோ ஆட்டக்காரங்களை உருவாக்கி, ஆடவிட்டு, கெடுத்துடுச்சு. அந்தத் தப்பை இனிமே பண்ண மாட்டோம்."

கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆனது. அது முடிந்ததும் வருங்காலம் மைக்கின் பக்கம் குனிந்து, "சார், நான் எப்ப ஆடணும்?" என்று கேட்டான்.

செயலாளர் அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "தம்பி, வந்த அன்னைக்கே இப்படிக் கேட்டா எப்படி? இங்க உங்களுக்கு என்ன குறை?" என்றார். குரலில் கோபம் இல்லை, மனத்தாங்கல்தான் இருந்தது. வருங்காலத்துக்கே தான் ஏதோ பண்பில்லாமல் நடந்துகொண்டதாகப் பட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

ஆட விடாவிட்டால் போகட்டும், பயிற்சியாவது இருக்கும் என்று நினைத்தான். இருந்தது. வலைக்குள் அவனுக்குப் பந்து வீசுகிறவர்கள் ஸ்டம்புக்கு நேராக வீசக்கூடாது என்பது ஒன்றுதான் விதி. ஒருநாள் புதிதாக வந்த வேகப்பந்துக்காரன் ஒருவன், விதியை யாரும் சொல்லாததால், தன்னை மறந்து ஒரு பந்தை ஒழுங்காக வீசிவிட்டான். நடு ஸ்டம்ப் எகிறி வலையில் போய் மாட்டிக்கொண்டது.

விசாரணை ஐந்து வாரம் நடந்தது. வீசியவன்மேல் குற்றம் இல்லை, வீசச் சொன்னார்கள், வீசினான். வருங்காலத்தின்மேல் குற்றம் இருக்க வாய்ப்பே இல்லை, சராசரி முடிவிலி. ஆகவே, 'தேவையில்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது' என்ற குற்றம் ஸ்டம்புகளின்மேல் நிரூபணமானது. மறுநாளே அவற்றைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஸ்டம்ப் போன பிறகு பந்து மட்டும் எதற்கு என்று யாரோ யோசித்தார்கள். பந்து காலில் படலாம், விரலில் படலாம். எனவே பந்தில்லாப் பயிற்சி வந்தது. வீசுகிறவன் தூரத்திலிருந்து ஓடிவந்து வெறும் கையைச் சுழற்றுவான். வருங்காலம் முன்காலை எடுத்து வைத்து மட்டையை வீசுவான். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி வைத்திருந்த பயிற்சியாளர், ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அருமை! நாலு!" என்பார்.

"நாலுன்னு எப்படி சார் தெரியுது?"

"கால் நகர்ந்த அழகுலயே தெரியுதேப்பா."

ஒருநாள் வெறுத்துப்போய் மட்டையை அசைக்காமல் சும்மா நின்றான். பயிற்சியாளர் எழுந்து நின்று கைதட்டினார். "விட்ட பாத்தியா, அது பாரு முதிர்ச்சி! வெளிய போற பந்து அது."

வெளிநாட்டுப் பயணங்களுக்கு அணி கிளம்பும்போதெல்லாம் அவனையும் அழைத்துப் போனார்கள். பதினோரு பேர் ஆடினார்கள், தோற்றார்கள், திரும்பினார்கள். அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு மாடத்தில் உட்கார்ந்திருந்தான். மற்ற உதிரி ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் தண்ணீராவது கொண்டுபோனார்கள்; அவனுக்கு அதுவும் இல்லை. போகிற வழியில் பந்து பட்டு யாராவது ஆர்வக்கோளாறில் அப்பீல் செய்துவிட்டால்? வாரியம் அவ்வளவு தூரம் யோசித்தது.

அணி தோற்கத் தோற்க அவன் மதிப்பு ஏறியது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நிருபர்கள் சூழ்ந்துகொள்ள, தலைவர் சிரித்தபடியே, "தோத்தது நிகழ்காலம். நம்ம வருங்காலம் இன்னும் தோக்கலையே!" என்பார். மறுநாள் பத்திரிகையில் அணித்தலைவனின் படம் சின்னதாகவும் வருங்காலத்தின் படம் பெரியதாகவும் வரும். விமான நிலையத்தில் ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "உங்க ஆட்டத்தை நான் ஒண்ணுகூட விட்டதில்ல சார்" என்றார். அது உண்மைதான்.

அணித்தலைவன் ஒருமுறை பூஜ்யத்துக்கு அவுட்டாகி வந்து, மாடத்தில் அவன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். "நீ குடுத்து வச்சவன்டா. நான் பாரு, தினம் போய் ஊரு முன்னாடி அசிங்கப்பட்டுட்டு வரணும்."

"எனக்கும் அசிங்கப்படணும்போல இருக்குடா" என்றான் வருங்காலம். அணித்தலைவன் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

ஹோட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் மட்டையைத் தரையில் தட்டித் தட்டி நிற்பான். வரவேற்பிலிருந்து போன் வரும், கீழ் அறைக்காரருக்குத் தூக்கம் கெடுகிறதாம்.

இதற்கிடையில் வயசு என்று ஒன்று, யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டே போனது. வாரிய விதிப்படி வருங்கால வீரனுக்கு இருபத்து மூன்று வயது ஆகக்கூடாது. நிர்வாகக் குழு கூடியது. அவனது இருபத்து மூன்றாவது பிறந்தநாள் தவிர்க்க முடியாத காரணங்களால் ஒத்திவைக்கப்படுகிறது, மறு தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று தீர்மானம் போட்டார்கள். தேதி அறிவிக்கப்படவே இல்லை.

"உனக்கு இன்னும் இருபத்தி ரெண்டாடா?" என்றாள் அக்கா, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு. அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். எதையும் ஒரே குத்தில் சொல்லிவிடுவாள். "போற போக்குல என் பொண்ணு உனக்கு அக்கா ஆயிடுவா போலிருக்கு."

அவன் சிரித்தான். உண்மையில் அவனுக்கு இருபத்தெட்டு. முன்நெற்றியில் முடி கழியத் தொடங்கியிருந்தது. அதைவிட அவனைப் பயமுறுத்தியது வேறொன்று. பந்து மட்டையின் நடுவில் படும்போது ஒரு சத்தம் வருமே, அது எப்படி இருக்கும் என்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. எவ்வளவு முயன்றும் காதுக்குள் வரவில்லை. ஒன்பது வருஷமாக உலகம் கொண்டாடும் ஆட்டக்காரன் தான். தனக்கு ஆட வருமா வராதா என்பது தனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா புருஷன் குளிக்காமல்கூட அவசரமாக வந்து நின்றார். அவர் டிப்போவில் எஞ்சின் மெக்கானிக்.

"மாப்ள, எஞ்சின் செக்‌ஷனுக்கும் டயர் செக்‌ஷனுக்கும் மேட்ச். எங்களுக்கு ஒரு ஆள் குறையுது. சும்மா வந்து நில்லு, போதும்."

"வாரியத்துக்குத் தெரிஞ்சா என்ன ஆகறது?" என்றாள் அக்கா.

"பஸ் கழுவற இடத்துக்கு எந்த வாரியம் வரப்போகுது?"

அவன் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

கழுவும் கொட்டகைக்கும் பழைய பஸ்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே இருந்தது மைதானம். தரையில் எண்ணெய்க் கறை. பஸ் கிளம்பும் நேரம் குறிக்கும் டைம் கீப்பர்தான் நடுவர். ஏழாவது ஆளாக அவன் இறங்கியபோது எதிரணி டயர்க்காரர் ஒருவர் பந்து போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, பெருத்த வயிறு, நான்கே எட்டு ஓட்டம். முதல் பந்தை அவன் தவறவிட்டான். இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது பந்து மட்டையின் நடுவில் பட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஓட மறந்து நின்றான். "ஓடு மாப்ள!" என்று எதிர்முனையிலிருந்து கத்தினார் மாமா. ஓடினான். ஒரு பந்து பழைய பஸ் ஒன்றின் வயிற்றில் டமாரென்று மோதி நாலு ஆனது. ஒன்பது ரன் எடுத்திருந்தபோது டயர்க்காரர் ஒரு பந்தை மெதுவாக மேலே தூக்கிப் போட்டார். அவன் ஏறி வந்து மட்டையை வீசினான். பந்து மட்டைக்கு அடியில் புகுந்து ஸ்டம்பைச் சாய்த்தது.

டைம் கீப்பர் விரலைத் தூக்கினார். வருங்காலம் ஸ்டம்பைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே நின்றான். டயர்க்காரருக்குப் பயமாகிவிட்டது.

"தம்பி, ஒண்ணும் ஆகலையே?"

"நல்ல பந்துண்ணே" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"இருபது வருஷமா இதே பந்துதான் போடறேன். ஒருத்தனும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல" என்று அவர் வெட்கப்பட்டார்.

ஒரு கண்டக்டர் அதை செல்போனில் படம் பிடித்திருந்தார். திங்கட்கிழமை காலை வாரிய அலுவலகத்தில் யாரும் யாருடனும் பேசவில்லை. தலைவர் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கச் சொன்னதாகவும், செயலாளர்தான் தடுத்ததாகவும் பேச்சு.

விசாரணைக் குழு டிப்போவுக்கே வந்துவிட்டது. வருங்காலம் எங்கே ஆடினாலும் அது வாரியத்தின் ஆட்டம் என்று ஒரு விதி இருந்ததாம். ஆகவே அவுட்டும் வாரியத்தின் அவுட். அதை இல்லாமல் செய்ய வேண்டும். ஸ்டம்பின் உயரத்தை அளந்தார்கள், சரியாக இருந்தது. இரண்டு முனைக்கும் நடுவே நாடா பிடித்தார்கள், அங்குலம்கூடப் பிசகவில்லை. பஸ் நிறுத்துமிடத்துக்குக் கோடு போடுகிறவர்கள் போட்ட கோடு அது. பந்தை எடை போட்டார்கள். குழுவினர் முகம் தொங்கிவிட்டது. கடைசியில் டயர்க்காரரைக் கையை நீட்டச் சொன்னார்கள்.

"இது ஏன் முழுசா நீள மாட்டேங்குது?" என்றார் செயலாளர்.

"ஒருதரம் ஜாக்கி நழுவிடுச்சு சார். அதுல முழங்கை மடங்கினபடியே நின்னுடுச்சு. வேலைக்கெல்லாம் ஒண்ணும் இடைஞ்சல் இல்ல."

புள்ளிவிவர அதிகாரி துள்ளி எழுந்தார். "வளைஞ்ச கை! வளைஞ்ச கையால வீசினா செல்லாது! பந்தே செல்லாதுன்னா அவுட் எங்க இருந்து வரும்?"

மடக்கி நீட்டி வீசினால்தான் தப்பு, மடங்கியே இருக்கிற கைக்கு அந்த விதி பொருந்தாது என்று டைம் கீப்பர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பஸ் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும்படி அவருக்கு அறிவுறுத்தப்பட்டது.

தலைவர் வருங்காலத்தைத் தன் காருக்குள் அழைத்து உட்காரவைத்தார். 'வளைந்த கையால் வீசப்பட்டதால் ஏமாற்றப்பட்டேன்' என்று தட்டச்சு செய்த காகிதத்தை மடியில் வைத்தார்.

"சார், அவர் ஒழுங்காத்தான் போட்டார். நான் அவுட் சார்."

"உணர்ச்சிவசப்படாதே. கையெழுத்துப் போடு. அடுத்த மேட்ச்ல பதினோரு பேர்ல நீ ஒருத்தன். இது என் வாக்கு."

அவன் பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். கடைசியில் போட்டான். நல்லவன்தான், ஆனால் ஒன்பது வருஷம் பசித்திருந்தவன். இறங்கும்போதே அவனுக்கு உடம்பு கூசியது.

தீர்ப்பு அங்கேயே வாசிக்கப்பட்டது. ஒன்பது ரன், அவுட் இல்லை. முடிவிலி அப்படியே நிற்கிறது. கூடுதலாக ஒன்பது ரன் சேர்ந்தும் அது கொஞ்சம்கூட ஏறவில்லையே என்பதில் மட்டும் புள்ளிவிவர அதிகாரிக்கு வருத்தம். பந்து வீசியவருக்கு ஆயுள் தடை.

"அப்ப நான் இனிமே பந்து தொடக்கூடாதா சார்?" என்றார் டயர்க்காரர்.

"தொடக்கூடாது."

"டயர் மாத்தலாமில்ல?"

"அது வாரியத்தோட வரம்புக்குள்ள வராது. மாத்திக்கலாம்" என்றார் செயலாளர் பெருந்தன்மையோடு.

தலைவர் வாக்குத் தவறவில்லை. அடுத்த பெரிய ஆட்டத்தில் பதினோராவது பெயராக வருங்காலம் இருந்தான். முதல் இன்னிங்ஸில் ஒன்பது விக்கெட் விழுந்ததும், இதுவே போதும் என்று அணித்தலைவன் டிக்ளேர் செய்துவிட்டான். அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. கடைசி நாள், கடைசி இன்னிங்ஸ். ஜெயிக்க ஏழே ரன் வேண்டும், ஒன்பதாவது விக்கெட்டும் விழுந்தது. வருங்காலம் எழுந்தான். ஐம்பதாயிரம் பேரும் எழுந்தார்கள். மாடிப்படியில் இறங்கி, எல்லைக் கயிற்றைத் தாண்டி, புல்லில் முதல் அடி வைத்தான்.

மாடத்தில் தலைவரின் சீட்டு அணித்தலைவன் கைக்குப் போனது. அவன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை அசைத்தான். டிக்ளேர்.

ஜெயிக்க ஏழு ரன் இருக்கும்போது, ஆட்டத்தை முடித்துக்கொண்டு தோற்றுப்போகிற அணியை எதிரணி அதற்குமுன் பார்த்ததில்லை. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். நடுவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, எழுதத் தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

"தோத்தோம், ஒத்துக்கறேன்" என்றார் தலைவர் நிருபர்களிடம். "ஆனா அவன் அவுட் ஆகலை. மேட்ச் இன்னைக்குப் போனா நாளைக்கு வரும். முடிவிலி போனா வருமா?"

வருங்காலம் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தான். 'எனக்கு ஆட வேண்டும்' என்ற ஒரே வரி. வாரியம் அதை ஓய்வு அறிவிப்பாக எடுத்துக்கொண்டு, முன்னதை விடப் பெரிய மண்டபத்தில் பிரிவு விழா எடுத்தது. உலகிலேயே ஒரு தடவையும் அவுட் ஆகாமல் ஓய்வு பெறும் முதல் வீரன். தலைவர் மேடையிலேயே அழுதார். மறுநாள் எல்லா மைதானங்களுக்கும் சுற்றறிக்கை பறந்தது: மேற்படி வீரரை எவரேனும், எங்கேனும், எவ்விதத்திலேனும் அவுட் செய்தால் டிப்போ தீர்ப்பின்படியே நடவடிக்கை எடுக்கப்படும்.

ஞாயிறு வந்தது. அவன் விடிந்ததும் டயர் செக்‌ஷனுக்குப் போனான். டயர்க்காரர் ஒரு சக்கரத்தின் முன் குந்தி நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் காகிதத்துல நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும். வாசிச்சாங்களே."

"நீங்க ஒழுங்காத்தான் போட்டீங்க. நான் பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் அடுத்த நட்டுக்கு மாறினார். "ஞாயித்துக்கிழமை ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது. வீட்ல போய் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். பொண்டாட்டி திட்டறா" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அன்றைக்கு வருங்காலம் நான்காவது ஆள். அவன் வந்து நின்றதும் டயர் செக்‌ஷன்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் வீசிய பந்து கழுவும் கொட்டகைப் பக்கம் போனது. அடுத்தவன் பந்து அதற்கும் தள்ளிப் போனது. வருங்காலம் ஒன்றைத் துரத்திப் போய் அடித்து நாலாக்கினான். ஒன்றை வேண்டுமென்றே ஆகாயத்துக்கு அடித்தான். அடியில் நின்ற கிளீனர், பந்து இறங்குவதைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"யாராவது ஒருத்தர் நேரா போடுங்கப்பா!" என்று வருங்காலம் கத்தினான். "ஒரே ஒரு பந்து!"

எல்லைக்கு வெளியே சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த டயர்க்காரர் எழுந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நேராக நடுவுக்கு வந்தார்.

"எனக்கு ஏற்கெனவே ஆயுள் தடை. இருக்கிறது ஒரு ஆயுள்தான். இனிமே என்ன புடுங்கிடுவாங்க? பந்தைக் குடுறா."

வருங்காலம் மட்டையைத் தரையில் தட்டி நின்றான். அவர் நான்கு எட்டு ஓடிவந்தார். முதல் பந்தைத் தடுத்தான். இரண்டாவதையும் தடுத்தான். மூன்றாவது கொஞ்சம் வேகமாக வந்து, திரும்பி, மட்டையின் விளிம்பை உரசிக்கொண்டு விக்கெட் கீப்பரின் கைக்குப் போனது. மெல்லிய சத்தம்தான். டயர்க்காரர் திரும்பி, வளைந்த கையை எட்டியமட்டும் உயர்த்தி அப்பீல் செய்தார்.

டைம் கீப்பர் மணியைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். விரல் எழவில்லை. அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

அந்தச் சத்தம் கேட்டது மூன்று பேருக்குத்தான். வீசியவருக்கு, பிடித்தவனுக்கு, ஆடியவனுக்கு. அவுட் இல்லை என்று நின்றால் கேட்க யாரும் இல்லை. நாட்டில் ஒரு வாரியமே அதற்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

"பட்டுச்சு" என்றான் வருங்காலம். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் விரலுக்கும் காத்திருக்காமல் வெளியே நடந்தான். நாலு ரன்.

எல்லையில் அடுத்து இறங்க வேண்டிய ஆள் காலை மாற்றி மாற்றித் தவித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் செக்‌ஷனுக்கு மொத்தம் இரண்டே ஜோடி கால் பேடு.

"என்னய்யா மாப்ள, ஊர்வலமா வர்ற? சீக்கிரம் கழட்டு!" என்று கத்தினார் மாமா.

ஒன்பது வருஷத்தில் அவனை யாரும் இப்படி விரட்டியதில்லை. "இதோ மாமா, இதோ" என்று அவன் மண்ணில் குந்தி, அவசர அவசரமாகக் கால் பேடின் வாரை அவிழ்க்கத் தொடங்கினான்.